முதுகில் எழுதிய வருக

உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கோ கல்யாணத்துக்கோ டெல்டா ராணியின் முதுகில் படம் போட்டவர்களில் நீங்களும் ஒருவரா? அப்படியானால் இதை நீங்கள்தான் முதலில் படிக்க வேண்டும். பாதியில் எழுந்து போகாமல் படிக்க வேண்டும். எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

என் பெயர் நூருன்னிசா. கால்நடை மருத்துவர். முத்துப்பேட்டைக்குத் தெற்கே, அலையாத்திக் காட்டுக்கு நடுவில், லகூன் என்று ஊரார் சொல்லும் உப்பங்கழி இருக்கிறதே, அதன் ஓரத்தில் வேலி போட்டுக் கட்டிய தொல்லுயிர்ப் பூங்காவில் வேலை பார்த்தேன். என் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு மிருகம். ஸ்பைனோசரஸ். முதுகில் ஆள் உயரத்துக்குத் துடுப்பு நிற்கும் டைனோசர். விளம்பரத்தில் அதன் பெயர் டெல்டா ராணி. முட்டையிலிருந்து அதை வளர்த்த வைரக்கண்ணு அண்ணனுக்கு அது பாப்பா. பேருந்தைவிட நீளமான ஒன்றைப் பாப்பா என்று கூப்பிடுகிற மனுஷன் அவர்.

பூங்கா திறப்பதற்கு முன்பே மேலாளர் பத்ரிநாத் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்டார். இரண்டு காலில் எழுந்து நின்று, வாயில் ரத்தம் ஒழுக, லாரியை மிதிக்கிற ராட்சசன். நான் அதைக் கிழித்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"இதோட பின்னங்காலப் பாத்தீங்களா சார்? குட்டை. எலும்பு உள்ள பொந்தே இல்லாம கெட்டியா இருக்கு. தண்ணியில அமுங்கிக் கெடக்க அந்தக் கனம் வேணும். வால் தட்டை, நீந்துறதுக்கு. மூக்கு ஓட்டை மூஞ்சி நுனியில இல்ல, நல்லா மேல தள்ளி இருக்கு. வாயத் தண்ணிக்குள்ள விட்டுட்டே மூச்சு விடும். இது எங்கேருந்து லாரிய மிதிக்கப் போவுது?"

"பல்லு இருக்குல்ல மேடம்?"

"இருக்கு. மீன நழுவ விடாமப் பிடிக்கிற பல்லு. கிழிக்கிற பல்லு இல்ல. மூஞ்சி பூரா சின்னச் சின்னக் குழி இருக்கு பாருங்க, கலங்கல் தண்ணியில மீன் அசைஞ்சா அதுல தெரிஞ்சுரும். கொடுவா மீன் வர்ற வரைக்கும் அசையாம நிக்கும். கொக்கு சார் இது. பெரிய சைஸ் கொக்கு."

பத்ரிநாத் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "கொக்கப் பாக்க யாரு மேடம் டிக்கெட் வாங்குவா? ஆட்டத் தொங்க விடுங்க. சனங்க அலறட்டும்."

ஆட்டைத் தொங்கவிட்டார்கள். பாப்பா அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது. வந்தவர்கள் காசைத் திருப்பிக் கேட்டார்கள். அன்றைக்கே பூங்காவை மூடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். மூடவில்லை. பத்ரிநாத் முதுகுத் துடுப்பைப் பார்த்துவிட்டார்.

அந்தத் துடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் நீண்ட முள் ஒன்று மேலே எழுந்து நிற்க, அவற்றின் மேல் தோல் போர்த்தியிருக்கும். பூமிக்கடியில் கிடைத்த எலும்புக்கூட்டில் முள் இருந்தது, நிறம் இல்லை. என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஆய்வுக்கூடத்தில் கருவை உருவாக்கியவர்கள், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, கணவாய் மீனின் தோலில் இருக்கும் நிறப்பைகளை அதில் சேர்த்துவிட்டார்கள். நரம்பு சுண்டினால் பை விரியும், நிறம் தெரியும். விட்டால் சுருங்கும். ஏதோ வானவில் மாதிரி மினுங்கும் என்று நினைத்தார்கள்.

பாப்பா மினுங்கவில்லை. குட்டியாக இருக்கும்போதே அந்தப் பைகளுக்குத் தானாகவே ஒரு உபயோகம் கண்டுபிடித்துக்கொண்டது. பிடிக்காத ஒன்று கிட்டே வந்தால் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். துடுப்பின் அடியிலிருந்து கருப்புப் பட்டைகள் மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் விளிம்பு சிவக்கும். சிவந்த பிறகும் நீங்கள் அங்கேயே நின்றால் அப்புறம் உங்கள் பாடு. யாரும் சொல்லிக் கொடுக்காமல், தாயும் இனமும் இல்லாத ஒரு உயிர், 'போய்விடு' என்று சொல்லத் தானே ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டது. நானும் வைரக்கண்ணு அண்ணனும் அதைக் கூடவே இருந்து படித்துக்கொண்டோம். கருப்பு பாதி ஏறும்போதே இருவரும் நகர்ந்துவிடுவோம். எங்கள் மேல் அது ஒரு கீறல்கூடப் போட்டதில்லை.

அந்தப் பேச்சைத்தான் பத்ரிநாத் வாடகைக்கு விட்டார்.

கழுத்தில் ஒரு பட்டை மாட்டினார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்து படத்தை அனுப்பினால், பட்டை நரம்புகளைத் தூண்டி, நிறப்பைகளை விரித்துச் சுருக்கி, அதே படத்தைத் துடுப்பில் வரைந்துவிடும். உயிருள்ள ஃபிளக்ஸ். நம் ஊரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? பிறந்தால் ஃபிளக்ஸ், பூப்பெய்தினால் ஃபிளக்ஸ், கட்சியில் கிளைச் செயலாளரானால் ஃபிளக்ஸ், செத்தால் கண்ணீர் அஞ்சலி. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கூலிங்கிளாஸ் மாட்டி 'வருங்கால சிங்கமே' என்று போடுகிற ஊர் இது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய மிருகத்தின் முதுகில் தன் மூஞ்சியைப் போடலாம் என்றால் சும்மா இருப்போமா? திருத்துறைப்பூண்டியிலிருந்து பட்டுக்கோட்டை வரைக்கும் குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். படகுத்துறையில் பேண்டு, டிரம் செட். அந்தச் சத்தத்தில் பாப்பாவைத் தண்ணீரிலிருந்து கரைக்கு விரட்டுவார்கள். கரையேறியதும் முதுகில் பொண்ணு மாப்பிள்ளை. தாய்மாமன்கள் வரிசையாக வட்டத்துக்குள். யார் படம் போட்டாலும் அடியில் ஒன்று மட்டும் மாறாது: கூப்பிய இரண்டு கைகள், பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'வருக வருக'.

"அதுக்குக் கோவம் வந்தா எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டேன்.

"கோவமே வராது மேடம். நாமதான் அதோட முதுக பிஸியா வச்சிருக்கோமே" என்றார் பத்ரிநாத். சிரிக்கவும் செய்தார்.

விஷயம் நடந்தது ஒரு முகூர்த்த நாளில். மணமக்களே மாலையும் கழுத்துமாக வந்திருந்தார்கள். பாப்பா படகுத்துறைக்கு இன்னும் கிட்டே வர வேண்டும், மூவரும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்று கேமராக்காரர் பிடிவாதம் பிடித்தார். வைரக்கண்ணு அண்ணனை முழங்கால் தண்ணீரில் மீனோடு இறக்கிவிட்டார்கள். அவர் துடுப்பைப் பார்த்தார். அங்கே கல்யாணப் பொண்ணு சிரித்துக்கொண்டிருந்தது. கருப்பு ஏறியதா, விளிம்பு சிவந்ததா, அவருக்கு எப்படித் தெரியும்? டிரம் செட் அடித்துக்கொண்டே இருந்தது. வாய் வந்தது, வலது கை முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று.

உடனே விட்டுவிட்டது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். விரட்ட ஒரு கடி, அவ்வளவுதான்; வாயைத் திறந்து பின்னால் போய்விட்டது. கறி தின்கிற மிருகமாக இருந்தால் எங்களுக்கு ஆளே கிடைத்திருக்க மாட்டார். கையைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது அவர் கட்டுப் போட்ட கையைப் பற்றிப் பேசாமல் பாப்பாவைப் பற்றித்தான் கேட்டார்.

"டாக்டரம்மா, பாப்பாவ சுட்டுடப் போறாங்களாமே. நெசமா?"

"அப்படித்தான் பேசிக்கிறாங்கண்ணே."

"ஆளத் தின்னுற மிருகம்னு சொல்லுறாங்களாம். நான்தான் எச்சரிக்கையப் பாக்காம எறங்குனேன்னும் சொல்லுறாங்களாம். எம்மேல என்ன வேணா சொல்லிக்கட்டும். அதச் சுட விடாதீங்க. அதுக்கு என்னத் தவிர யாருமில்ல டாக்டரம்மா."

எனக்கு அங்கேயே ரத்தம் கொதித்தது. எச்சரிக்கைப் பலகை மேல் கல்யாணப் பத்திரிகையை ஒட்டிவிட்டு, பலகையைப் பார்க்கவில்லை என்று கை போனவரைக் குற்றம் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்?

மாவட்டத்திலிருந்து விசாரணைக்கு ஒரு அதிகாரியம்மா வந்தார். துப்பாக்கியோடு ஒருவரும் கூடவே வந்திருந்தார். நான் அதிகாரியம்மாவிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன். பட்டையைக் கழற்றுங்கள். படம் இல்லாமல் அதைக் கோபப்படுத்துங்கள். அது முன்கூட்டியே சொல்கிறதா இல்லையா என்று நீங்களே பாருங்கள். சொல்கிற மிருகத்தைக் கொல்ல வேண்டியதில்லை, வாயை அடைக்காமல் இருந்தால் போதும்.

"நியாயமாத்தான் இருக்கு" என்றார் அதிகாரியம்மா. பத்ரிநாத், நாளைக்கு மத்தியானம் ஒரு வளைகாப்பு புக்கிங் இருக்கிறது என்று இழுத்துப் பார்த்தார். நடக்கவில்லை.

மறுநாள் காலையில், வேடிக்கை பார்க்க வந்த ஊர்ச் சனத்தோடு, எல்லோரும் படகுத்துறையில் கூடினோம். வைரக்கண்ணு அண்ணன் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொண்டு வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாப்பாவுக்கு லேசாக மயக்க மருந்து கொடுத்து நானே பட்டையைக் கழற்றினேன். பட்டை இருந்த இடத்தில் தோல் வெந்து போயிருந்தது. மயக்கம் தெளியும் வரைக்கும் காத்திருந்தோம். துடுப்பு, சேற்று நிறத்தில் வெறுமையாக நின்றது. அதை அப்படிப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"அடிங்க" என்றேன். டிரம் செட்காரர்கள் ஆரம்பித்தார்கள்.

பாப்பா தலையைத் தூக்கியது. வால் இறுகியது. பக்கவாட்டில் திரும்பி நின்றது.

"இப்ப ஏறும் பாருங்கம்மா" என்று வைரக்கண்ணு அண்ணன் அதிகாரியம்மாவிடம் சொன்னார். "அடியிலேருந்து கருப்பா ஏறும்."

கருப்பு ஏறியது. ஆனால் பட்டை பட்டையாக ஏறவில்லை. திட்டுத்திட்டாக எழும்பி, நெளிந்து, ஒன்றோடொன்று சேர்ந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விரல்கள் தெரிந்தன. கூப்பிய இரண்டு கைகள். அவற்றின் பக்கத்தில், கொஞ்சம் கோணலாக, கொட்டை எழுத்தில்: வருக வருக.

டிரம் அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார். அப்புறம் எல்லோரும் கை தட்டினார்கள்.

"கழுத்துப் பட்டை எங்க?" என்று கத்தினேன். கட்டுப்பாட்டு அறைப் பெண் பயந்துபோய் அதைத் தூக்கிக் காட்டினாள். அவள் கையில்தான் இருந்தது. செத்த பாம்பு மாதிரி தொங்கியது.

எனக்குப் புரிந்துவிட்டது. மேளம் அடித்து விரட்டும்போதெல்லாம் அதற்குக் கோபம் வந்தது. கோபம் வந்தபோதெல்லாம் அதன் முதுகில் இந்தக் கைகள்தான் இருந்தன. முகங்கள் மாறின. இது மாறவில்லை. கோபத்துக்கு நிறம் இதுதான் என்று அதன் உடம்பு கற்றுக்கொண்டது. தானே உண்டாக்கிய பேச்சை மறந்துவிட்டு, நாம் கொடுத்த வார்த்தையை எடுத்துக்கொண்டது. 'போய்விடு' என்று அது அடிவயிற்றிலிருந்து கத்துகிறது. நமக்கு 'வருக' என்று கேட்கிறது.

அதிகாரியம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. "என்னங்க டாக்டர், எச்சரிக்கும்னீங்க. இது வரவேற்குது. இவ்வளவு பழகுன மிருகத்த எதுக்குச் சுடணும்? அன்னைக்கு நடந்தது விபத்துன்னு முடிச்சிரலாம்."

வைரக்கண்ணு அண்ணன் மிச்சமிருந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அது கோவம்தான். வாலப் பாத்தாலே தெரியுது" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "ஆனா சொல்லாதீங்க டாக்டரம்மா. உசுரோட விட்டுருவாங்க. ஒங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

சொல்லாமல் இருந்திருப்பேன். சத்தியமாகச் சொல்லாமல் இருந்திருப்பேன். ஆனால் கை தட்டியவர்களில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, அந்தக் கூப்பிய கைகளுக்குப் பதில் வணக்கம் வைக்கப் படகுத்துறையின் விளிம்புக்கு நடந்துகொண்டிருந்தாள்.

அவளைப் பின்னால் இழுத்துத் தள்ளிவிட்டு, வைரக்கண்ணு அண்ணன் எழுந்துவிட்ட நாற்காலியைத் தண்ணீருக்குள் வீசினேன். பாப்பாவின் வாய் அதைக் கவ்விய வேகத்தில் பிளாஸ்டிக் தூள் தூளாகிப் பறந்தது. அதன் முதுகில் கைகள் இன்னும் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தன.

"இதான் அதோட வரவேற்பு" என்றேன். "போயிருங்கன்னு சொல்லுது. அதுக்கு வேற வார்த்தைய நாம விட்டு வைக்கல. கோவம் வந்தா இதத்தான் காட்டும்."

துப்பாக்கிக்காரர் அதிகாரியம்மாவைப் பார்த்தார். வைரக்கண்ணு அண்ணன் தரையில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அதைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது பத்ரிநாத் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப, கோவம் வந்தா தானாவே வருமா மேடம்? பட்டை கரண்டு எதுவுமே வேணாமா?"

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதிகாரியம்மாவிடம் அவர் அரை மணி நேரம் பேசினார். படகுத்துறையை இடித்துவிட்டு இரண்டு ஆள் உயரத்துக்குக் கண்ணாடிச் சுவர் கட்டுவதாக, யாரையும் தண்ணீருக்குப் பக்கத்தில் விடப் போவதில்லை என்று. பாதுகாப்பு என்றால் பாதுகாப்பு. அதிகாரியம்மாவால் மறுக்க முடியவில்லை. பாப்பாவைச் சுட வேண்டாம் என்று முடிவாயிற்று. துப்பாக்கிக்காரர் காபி குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். வைரக்கண்ணு அண்ணன் என்னைக் கையெடுத்துக் கும்பிட முடியாமல் நெற்றியில் கை வைத்தார்.

நான் சொன்ன உண்மையை அவர்கள் அப்படியே நம்பினார்கள். அதுதான் பிரச்சினை. பொய் என்று தள்ளியிருந்தால் பரவாயில்லை. கண்ணாடிச் சுவர் எழும்பியதும் கோடியக்கரை வரைக்கும் போஸ்டர் ஒட்டினார்கள்: 'தானாகக் கும்பிடும் டெல்டா ராணி'. ஒவ்வொரு மணிக்கும் காட்சி. காட்சி என்றால் என்ன? கோபப்படுத்துவது. டிரம் செட் போதாமல் போனதும் வெடி போட்டார்கள். வெடி பழகிப்போனதும் நீண்ட கம்பால் விலாவில் குத்தினார்கள். கைகள் கூப்பும். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் குடும்பம் குடும்பமாக நின்று பதிலுக்குக் கும்பிடுவீர்கள். குழந்தையை 'கும்புடு கும்புடு' என்று சொல்லித் தூக்கிக் காட்டுவீர்கள். உங்களில் ஒருவராவது அதன் வாலைப் பார்த்தீர்களா?

நான் எழுதாத அலுவலகம் இல்லை. அடிக்கவில்லை, கொல்லவில்லை, மூன்று வேளை மீன் போடுகிறார்கள், இதில் என்ன கொடுமை என்று கேட்டார்கள். கோபம் ஒரு நோய் என்று எந்தச் சட்டத்திலும் இல்லையாம். பாப்பா மீனைத் தொடுவதை நிறுத்தியது. கோபம் தணிய யாரும் இடைவெளி கொடுக்காததால் படம் அழிவதும் நின்றுபோயிற்று. தூங்கும்போதும் கைகள் கூப்பியபடியே இருந்தன. அதிலும் பத்ரிநாத்துக்குச் சந்தோஷம்தான். இனி வெடிச்செலவு மிச்சம் என்றார்.

வைரக்கண்ணு அண்ணனுக்குக் கருணை காட்டி வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். ஒற்றைக் கையால் எப்படிக் கிழிப்பது? பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு கிழிப்பார். பாப்பா இருக்கும் பக்கம் அவர் வருவதில்லை, வர விடுவதும் இல்லை. ஒரு திங்கள்கிழமை, பூங்காவுக்கு வார விடுமுறை, அவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அத சுட வேணாம்னு நான்தான் ஒங்க கையப் பிடிச்சேன்" என்றார். என் மருந்து அலமாரியைப் பார்த்தார். "நீங்க டாக்டரு. வலிக்காமச் செய்ய வழி இருக்குந்தான?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத்தான் திட்டினேன். போங்கண்ணே, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா, சாக வேண்டியது அதுவா என்று கத்தினேன். அவர் வாங்கிக்கொண்டு நின்றார். கத்தி முடித்ததும் மருந்து அலமாரியைத் திறந்தேன்.

கண்ணாடிச் சுவருக்கு உள்ளே போகும் சின்னக் கதவு வழியாக இருவரும் இறங்கினோம். பாப்பா சேற்றில் படுத்துக் கிடந்தது. விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. எங்கள் காலடி கேட்டதும் பக்கவாட்டில் திரும்ப முயன்றது. முதுகில் அந்தக் கைகள் இன்னும் கருத்தன.

"பாப்பா" என்றார் வைரக்கண்ணு அண்ணன்.

அது மூஞ்சியை அவர் பக்கம் நீட்டியது. அவர் தண்ணீரில் உட்கார்ந்து, அந்தக் குழிகள் நிறைந்த மூக்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் ஊசியோடு நின்று, வால் எப்போது இறுகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறுகவில்லை. துடுப்பில் முதலில் எழுத்து கலைந்தது. பிறகு விரல் விரலாகக் கைகள் பிரிந்து மறைந்தன. வெறும் சேற்று நிறம் மட்டும் மிச்சமிருந்தது.

என்னால் கையை அசைக்க முடியவில்லை. ஒருவேளை இவரை மட்டும் கூடவே வைத்தால், ஒருவேளை வேறு எங்காவது கொண்டுபோனால் என்று என்னென்னவோ மனதில் ஓடியது. எங்கே கொண்டுபோவது? எந்த ஊரில் நாம் இல்லை?

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"போடுங்க டாக்டரம்மா" என்றார். "கோவமில்லாம இருக்குறப்பவே போட்டுருங்க."

போட்டேன்.